புது பிஸ்டலில் அரம் வைக்கும் முன்

புது ஏர் பிஸ்டல் கைக்கு வந்த முதல் சனிக்கிழமைதான் அதற்கு ஆபத்தான நாள். பெட்டியைத் திறந்து பிடித்துப் பார்த்தால் மரக் கிரிப் உள்ளங்கையில் எங்கோ உறுத்துகிறது. பக்கத்து லேனில் சுடும் சீனியரின் கிரிப்போ மாவு அப்பி, செதுக்கி, பார்க்கவே கரடுமுரடாக இருக்கிறது. ஆனால் அவர் சுடுவதெல்லாம் ஒன்பதும் பத்தும். அவ்வளவுதான், மாலைக்குள் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஓர் அரமும் இரண்டு பாக்கெட் எம்-சீல் மாவும் வாங்கியாகிவிடும். திங்கட்கிழமை அந்தக் கிரிப் எந்தக் கைக்கும் பொருந்தாத ஒன்றாக ரேஞ்சுக்குத் திரும்பி வரும்.

பெங்களூருவின் துப்பாக்கி சுடும் கூடங்களில் பழகியவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. கம்பெனி கொடுத்தபடியே வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு கட்சி. முதல் நாளே பிரித்து மாற்ற வேண்டும் என்று இன்னொரு கட்சி. இரண்டும் தவறு. கை தொடும் இடம் சுடுபவருடையது, காற்று தொடும் இடம் கம்பெனியுடையது. இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு படியும் இந்தக் கோட்டை ஒட்டியே போகிறது.

2024 ஜூலை 30 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுஃப் டிகேச் சாதாரண மூக்குக்கண்ணாடியோடு, ஒரு கையை பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்று 10 மீட்டர் ஏர் பிஸ்டல் கலப்பு இரட்டையரில் வெள்ளி வென்றார். அதே போட்டியில் மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் வெண்கலம் வென்றார்கள். டிகேச்சின் படத்தைப் பார்த்தவர்கள் கருவியெல்லாம் எதற்கு என்று கேட்டார்கள். அவர் விலக்கியது கண்ணை மறைக்கும் தடுப்புகளையும் சிறப்பு லென்ஸையும்தான். கையில் இருந்தது உள்ளங்கையின் வடிவுக்குச் செய்த கிரிப் உள்ள போட்டிப் பிஸ்டல்.

சட்டம் போட்ட கோடு

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ. அளவுக்கு மேற்படாத, குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாத ஏர் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. போட்டி ஏர் பிஸ்டல் இந்த வரம்புக்கு வெகு கீழே நிற்கிறது. அரை கிராம் எடையுள்ள பெல்லட் வினாடிக்கு 150 மீட்டர் வேகத்தில் போனால் ஆற்றல் 6 ஜூலுக்கும் குறைவு. பத்து மீட்டரில் காகிதத்தைத் துளைக்க அதுவே போதும். ஆகவே, ‘பவர் ஏற்றித் தருகிறேன்’ என்று யாராவது ஸ்பிரிங்கையோ வால்வையோ மாற்ற முன்வந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். புள்ளி ஒன்றுகூட ஏறாது. பிஸ்டல் அதிகம் உதறும், சீல் தேயும். வரம்பு தாண்டினால் அது லைசென்ஸ் இல்லாத ஆயுதம்.

.22 போன்ற, வெடிமருந்தில் இயங்கும் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்குக் கோடு இன்னும் அழுத்தமானது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு பழுது பார்க்கும் தொழிலுக்கே லைசென்ஸ் கேட்கிறது. பேரலை அறுத்துக் குட்டையாக்குவதும், பொம்மைத் துப்பாக்கியை உண்மைத் துப்பாக்கியாக்குவதும், ஒரு வகையை வேறு வகையாக மாற்றுவதும் 6ஆம் பிரிவில் வருகின்றன. 2019இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இதற்கான தண்டனை குறைந்தது 7 ஆண்டுச் சிறை. ஆயுள் வரைகூடப் போகலாம். பீன்யாவில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் இந்த வேலையை அவரிடம் கொண்டுபோகக் கூடாது. அவரும் சேர்ந்தே மாட்டிக்கொள்வார்.

குடகு விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. கொடவர்களுக்கும் ஜம்மா எனும் பரம்பரை நில உரிமை வைத்திருப்போருக்கும் துப்பாக்கி லைசென்ஸிலிருந்து விலக்கு இருக்கிறது. 2019இல் அது பத்து ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது, 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. செப்டம்பரில் வரும் கைல்போள்து விழா நாளில் தாத்தா காலத்துத் துப்பாக்கியைத் துடைத்துப் பூ வைத்து வணங்கி, தேங்காயைக் குறிவைத்துச் சுடுவார்கள். அந்த விலக்கு, வைத்திருப்பதற்கும் எடுத்துச் செல்வதற்கும் மட்டுமே. அதைக் காட்டிப் பேரலில் கை வைக்க முடியாது.

தொடும் முன் ஐந்து படிகள்

வரிசை மாறக் கூடாது. பெல்லட் இல்லை என்று மனதுக்குத் தெரிந்தாலும் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும்.

1. பிஸ்டலின் வாயை ஆள் இல்லாத, கெட்டிச் சுவர் உள்ள பக்கம் திருப்புங்கள். வேலை முடியும்வரை அது அங்கேயே பார்க்கட்டும்.
2. லீவரைத் திறந்து, பெல்லட் வைக்கும் இடத்தைக் கண்ணால் பாருங்கள்.
3. ரேஞ்சில் பயன்படுத்தும் வண்ணக் கயிற்றைப் பேரல் முழுக்கச் செலுத்துங்கள். மறுமுனை வெளியே தெரிந்தால் உள்ளே எதுவும் இல்லை.
4. காற்று அடைத்த சிலிண்டரைக் கழற்றுங்கள். கழற்றிய பிறகும் உள்ளே கொஞ்சம் காற்று மிச்சமிருக்கலாம். கையேடு சொல்லும் முறையில் வெளியேற்றுங்கள்.
5. பெல்லட் டப்பாவை வேறு அறையில் வையுங்கள்.

முதல் பக்கம்: பிறந்த நிலை

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். எதையும் திருகும் முன் கம்பெனியிலிருந்து வந்த நிலையை எழுதிவையுங்கள்: சைட் எத்தனை கிளிக்கில் நிற்கிறது, கிரிப் எந்தக் கோணத்தில் இருக்கிறது, ஒவ்வொரு திருகும் எந்தப் பக்கம் பார்க்கிறது, மொத்த எடை எவ்வளவு, டிரிகர் எடை எவ்வளவு. செல்போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கையேட்டில் திருகுகளுக்கு எண் இருந்தால் அந்த எண்ணையே பயன்படுத்துங்கள்.

பிறகு குறைந்தது மூன்று மாதம் அப்படியே சுடுங்கள். கை உறுத்தினாலும் பரவாயில்லை. புதிதாகப் பழகுபவரின் பிடி வாரத்துக்கு வாரம் மாறும். மாறிக்கொண்டிருக்கும் கைக்கு ஏற்ப மரத்தைச் செதுக்கினால் மரம் தீர்ந்துபோகும். உறுத்தும் இடத்தை மட்டும் ஒவ்வொரு நாளும் நோட்டில் குறித்துவாருங்கள். மூன்று மாதம் கழித்தும் அதே இடமே உறுத்தினால் அரத்தை எடுக்கலாம்.

கிரிப்: நேரம் எடுக்க வேண்டிய இடம்

முதலில் மரத்தைத் தொடாமல் தீர்க்க முடியுமா என்று பாருங்கள். இன்றைய போட்டிப் பிஸ்டல்கள் பலவற்றில் கிரிப்பின் கோணத்தைத் திருகு வைத்தே மாற்றலாம். சோதனை எளிது. இலக்கை நோக்கி நின்று, கண்ணை மூடி, கையை உயர்த்தி, இரண்டு மூச்சு விட்டுக் கண்ணைத் திறங்கள். முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்குள் தானாக வந்து நின்றால் கோணம் சரி. ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் ஒதுங்கினால் கிரிப்பைத் திருப்ப வேண்டும். மணிக்கட்டை மடக்கிச் சரிசெய்யப் பழகாதீர்கள். 60 குண்டு சுடும் போட்டியில் நாற்பதாவது குண்டுக்கு மேல் மணிக்கட்டு சொன்னபடி கேட்காது.

கோணம் சரியான பிறகும் உறுத்தல் இருந்தால்:

1. கிரிப்பைப் பிஸ்டலிலிருந்து கழற்றுங்கள். மாட்டியபடியே ராவினால் மரத்தூள் டிரிகருக்குள் போய் உட்காரும். இதுதான் பலரும் செய்யும் தவறு.
2. உள்ளங்கையில் மெல்லிசாகத் திருநீறு அல்லது சாக்பீஸ் தூள் பூசி, சுடும்போது பிடிப்பதைப் போலவே கிரிப்பைப் பிடித்து விடுங்கள். கருமரத்தில் வெள்ளை அழுத்தமாகப் பதிந்த இடம் மேடு. பதியாத இடம் பள்ளம். மூன்று முறை செய்து, மூன்றிலும் ஒத்துவரும் இடத்தை மட்டும் பென்சிலால் வட்டமிடுங்கள்.
3. மேட்டைக் குறைக்கும் முன் பள்ளத்தை நிரப்புங்கள். அப்பியதைப் பெயர்க்கலாம், ராவிய மரத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது.
4. நிரப்புவதற்கு எம்-சீல் போன்ற இரட்டை மாவு போதும். கையுறை போட்டு இரண்டையும் சம அளவில் ஒரே நிறம் வரும்வரை பிசையுங்கள். வெறும் கையில் பிசைந்தால் சிலருக்குத் தோல் அரிக்கும்.
5. மாவைப் பள்ளத்தில் அப்பி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, தாளின் மேல் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவுங்கள். இப்போது சுடும் நிலையில் கையை நீட்டிப் பிடியுங்கள். மேசையில் உட்கார்ந்து பிடித்தால் மேசைக்கான அச்சுதான் கிடைக்கும். நின்று, தோளை இறக்கி, இலக்கைப் பார்த்துப் பிடிக்க வேண்டும்.
6. கையை எடுத்து ஓர் இரவு முழுக்க இறுகவிடுங்கள்.
7. மறுநாள் விளிம்பில் பிதுங்கியதை அரத்தால் ராவி, 80 நம்பர் உப்புத்தாளாலும் பிறகு 120ஆலும் தேயுங்கள். அதற்கு மேல் வழவழப்பாக்க வேண்டாம்; வியர்த்த கையில் வழுக்கும். மூக்கில் மாஸ்க் கட்டாயம். மரத்தூளும் மாவுத்தூளும் நுரையீரலுக்கு ஆகாது.
8. மாட்டிப் பாருங்கள். ஒரு வாரம் சுட்ட பிறகே அடுத்த இடம்.

பெரும்பாலும் மாவு கேட்கும் இடங்கள் இரண்டு. நடுவிரலுக்கும் டிரிகர் கார்டுக்கும் நடுவில் உள்ள சந்து ஒன்று, கட்டைவிரலின் அடியிலுள்ள குழி இன்னொன்று. ராவ வேண்டியது பெரும்பாலும் ஒரே இடம்: சுட்டுவிரல் மரத்தை உரசும் விளிம்பு. டிரிகரை அழுத்தும் விரல் வேறெதையும் தொடக் கூடாது. தொட்டால், அழுத்தும்போது பிஸ்டலே பக்கவாட்டில் நகரும்.

விதியும் இங்கே குறுக்கே வரும். பன்னாட்டுத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பின் விதிப்படி, உள்ளங்கையைத் தாங்கும் கீழ்த்தட்டு கிரிப்புடன் 90 டிகிரிக்குக் குறையாத கோணத்தில் இருக்க வேண்டும். மேல்நோக்கி வளைந்து கையைக் கவ்வக் கூடாது. மணிக்கட்டு எதையும் தொடாமல் வெளியே தெரிய வேண்டும். பிஸ்டல் முழுதும் 420 மி.மீ. நீளம், 200 மி.மீ. உயரம், 50 மி.மீ. அகலமுள்ள பெட்டிக்குள் அடங்க வேண்டும். பக்கவாட்டில் தாராளமாக மாவு அப்புகிறவர்கள் தடுமாறுவது இந்த 50 மி.மீட்டரில்தான். அப்பும்போதே ஸ்கேல் வைத்து அளந்துகொண்டே போங்கள். கருவிச் சோதனை மேசையில் உப்புத்தாள் தேய்க்க நேரம் இருக்காது.

பெங்களூருவைச் சேர்ந்த பிரகாஷ் நஞ்சப்பா 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெள்ளி வென்றார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 50 மீட்டர் பிஸ்டலில் இறங்கினார். இரண்டுக்கும் விதி வேறு. 50 மீட்டர் பிஸ்டலின் கிரிப் கையைச் சுற்றி வளைத்துக் கவ்வலாம். டிரிகர் எவ்வளவு லேசாகவும் இருக்கலாம். சுடுபவர் தன் கைக்கேற்பத் துப்பாக்கியை மாற்றிக்கொள்ள மிகுந்த சுதந்திரம் தந்த பிரிவு அது. ரியோவுக்குப் பிறகு ஒலிம்பிக்கிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். பழைய 50 மீட்டர் பிஸ்டலின் படத்தைப் பார்த்து ஏர் பிஸ்டல் கிரிப்பைச் செதுக்க வேண்டாம்.

மழைக்காலத்தில் மரம் ஊறும். ஜூனில் பிடித்த கிரிப் அக்டோபரில் இறுக்கமாகத் தெரிந்தால் உடனே ராவாதீர்கள். ஜனவரியில் அதுவே தளரும். ராவிய இடத்தில் ஆளிவிதை எண்ணெய் மெல்லிசாகப் பூசிக் காயவிட்டால் ஈரம் இறங்குவது குறையும்.

சைட்: கணக்கு மட்டும் போதும்

முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே ஏறத்தாழ 33 செ.மீ. இருக்கும் பிஸ்டலில், 10 மீட்டர் தூரம் அதைப்போல 30 மடங்கு. சைட் ஒழுங்கு 1 மி.மீ. பிசகினால் குண்டு 30 மி.மீ. தள்ளி விழும். பத்து வளையத்தின் விட்டமே 11.5 மி.மீ.; அந்தக் குண்டு ஏழில் போய் உட்காரும். சைட்டின் அகலத்தை விருப்பத்துக்கு மாற்றலாம். பள்ளத்தில் முன் சைட்டின் இருபக்கமும் வெளிச்சம் தெளிவாகத் தெரிந்தால் சரி. கண்ணாடிக் குழாய் சைட், லேசர் எதற்கும் போட்டியில் இடமில்லை.

- குண்டு எந்தப் பக்கம் நகர வேண்டுமோ, பின் சைட் அந்தப் பக்கம் நகர வேண்டும்.
- பத்துக் குண்டு சுட்டு, அவை கூடிய இடத்தைப் பார்த்த பிறகே கிளிக். மூன்று குண்டு பார்த்துத் திருகுபவர் தன் கைநடுக்கத்தைத்தான் துரத்துகிறார்.
- ஒவ்வொரு கிளிக்கும் நோட்டில் ஏறட்டும்.

நோட்டு எதற்கு என்பதற்கு 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் நல்ல சாட்சி. இறுதிச் சுற்றுக்கு முன் பழகச் சுட்ட குண்டு நடுவை விட்டு வெகுதூரம் விலகியது, ரைஃபிளின் சைட் மாறியிருந்தது என்று அபினவ் பிந்த்ரா பின்னர் சொல்லியிருக்கிறார். இருந்த சில நிமிடங்களில் கிளிக் போட்டுச் சரிசெய்தார். 700.5 புள்ளிகளோடு தங்கம் அவருக்கு. தன் சைட்டில் ஒரு கிளிக் எவ்வளவு நகர்த்தும் என்று அறிந்தவருக்குத்தான் அது சாத்தியம்.

டிரிகர்: 500 கிராமுக்குக் கீழே போகாதீர்கள்

ஏர் பிஸ்டலின் டிரிகர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். பேரலை மேல்நோக்கிச் செங்குத்தாகப் பிடித்து, டிரிகரில் எடையை மாட்டித் தூக்கிப் பார்ப்பார்கள். விடுபட்டுவிட்டால் தோல்வி. சரியாக 500இல் வைப்பது புத்திசாலித்தனம் அல்ல. 510, 520இல் வைத்தால் கைக்கு வேறுபாடு தெரியாது. சோதனையில் நெஞ்சு படபடக்காது.

1. கையேட்டைத் திறந்து, எடையை மாற்றும் திருகு எது, டிரிகர் எங்கே விடுபட வேண்டும் என்பதை மாற்றும் திருகு எது என்று உறுதிசெய்யுங்கள். இரண்டாவதைத் தொட வேண்டாம். அது பிசகினால், விரல் வைக்காமலேயே, ஒரு தட்டில் துப்பாக்கி சுட்டுவிடும்.
2. ஒரு நேரத்தில் ஒரு திருகு, அதுவும் கால் சுற்று. எழுதுங்கள்.
3. காற்றேற்றிய சிலிண்டரோடுதான் எடைச் சோதனை சரியாக வரும். எனவே அதை வீட்டில் செய்யாதீர்கள். ரேஞ்சில், கோச் பக்கத்தில் இருக்க, பெல்லட் இல்லாமல் செய்யுங்கள்.
4. மாற்றிய பிறகு 20 முறை காலியாக இயக்கிப் பாருங்கள். ஒருமுறை தானாக விடுபட்டாலும் பழைய நிலைக்குத் திருப்பி, ஆயுதப் பழுது தெரிந்தவரிடம் கொடுங்கள்.

எடைக்கட்டிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கம்பெனி தரும் சிறு கட்டிகளைப் பேரலின் கீழே முன்னே பின்னே நகர்த்திப் பாருங்கள். மொத்தம் 1,500 கிராம் தாண்டக் கூடாது. தோள் ஒரு மணி நேரம் தாங்குவதே சரியான எடை.

திறக்கவே கூடாதவை

சிலிண்டர், ரெகுலேட்டர், வால்வு, சீல், பேரல். சிலிண்டருக்குள் 200 பார் அழுத்தம் அடைபட்டிருக்கிறது. காரின் டயரில் இருப்பதைப்போல எண்பது மடங்குக்கும் மேல். அதன் மீது அச்சிட்டிருக்கும் தயாரிப்புத் தேதியிலிருந்து 10 ஆண்டு ஆனால் போட்டியில் ஏற்க மாட்டார்கள், தூக்கிப்போட வேண்டும். பார்க்கப் புதிதுபோல இருந்தாலும்கூடத்தான். பழைய பிஸ்டலை மலிவாக வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தத் தேதியை. விலை பேசுவது அதற்குப் பிறகு. நூல் சேராத சிலிண்டரை ஸ்பேனர் போட்டு இறுக்குவது, சீலுக்குக் கிரீஸுக்குப் பதில் சமையலறை எண்ணெய் விடுவது போன்றவற்றை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

உடைந்தால் என்ன செய்வது

2021 ஜூலை 25, டோக்கியோ ஒலிம்பிக். பெண்கள் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவில் மனு பாக்கரின் பிஸ்டலில் லீவர் உடைந்தது. சரிசெய்து திரும்புவதற்குள் பொன்னான நிமிடங்கள் போயின. 575 புள்ளிகளோடு 12ஆவது இடம். இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேர்தான். யார் மீதும் குற்றமில்லாத விபத்து அது. ஆனால் பார்த்துக்கொண்டிருந்த ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் ஒரு கேள்வி எழுந்திருக்கும்: என் மாணவரின் மாற்றுப் பிஸ்டல் அவர் கைக்குத் தயாராக இருக்கிறதா?

மாற்றங்கள் செய்யச் செய்ய இந்தக் கேள்வி கனக்கிறது. கைக்கேற்பச் செதுக்கிய ஒரே கிரிப் ஒரே பிஸ்டலில் இருந்தால், அது நின்றவுடன் சுடுபவரும் நிற்கிறார். இரண்டாவது பிஸ்டல் வாங்க எல்லோருக்கும் வசதி இராது. வசதி உள்ள கிளப்பில் அதே மாடல் இருந்தால், உங்கள் கிரிப் அதில் ஏறுகிறதா என்று ஒருநாள் மாட்டிப் பாருங்கள். சைட் எண்ணையும் தனியாக எழுதிவையுங்கள். பையில் சிறு திருகுகள், சீல், ஆலன் சாவிகள், இரண்டாவது சிலிண்டர் இருக்கட்டும்.

போட்டிக்கு ஒரு வாரம் முன்பு எல்லா மாற்றத்தையும் நிறுத்திவிடுங்கள். பெட்டி அளவு, 500 கிராம், 1,500 கிராம், சிலிண்டர் தேதி ஆகிய நான்கையும் கோச்சின் முன் சரிபாருங்கள். பிறகு நோட்டின் முதல் பக்கத்தைப் படமெடுத்துப் பிஸ்டல் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவையுங்கள். போட்டி நாளில் கை வைத்ததெல்லாம் பிசகினால், திரும்பிப்போக அந்தப் பக்கம் வேண்டும்.